சாக்குப் போர்த்திய சோறு

புதன்கிழமை, இரவு.

திரேசா அக்காவிடம் இன்று பகல் பாதியைத்தான் சொன்னேன். மற்றப் பாதியை அப்போது என்னால் சொல்ல முடியவில்லை.

மாதா கோயிலுக்கு நடந்து வருகிறவர்களுக்குக் காலைச் சோறு சமைக்கிறவா அவா. போன கிழமை அதைச் சாப்பிட்ட பலர் வாந்தியெடுத்தார்கள். மிஞ்சிய சோற்றை என் ஆய்வுகூடத்தில்தான் சோதித்தோம். முடிவு கேட்க, முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சிக்கு பஸ் ஏறி வந்திருந்தா.

"என்ர கை ஊத்தையெண்டு சனம் கதைக்குது. உண்மையே பிள்ளை?"

"இல்லையக்கா. அந்தக் கிருமி அரிசியிலயே இருக்கிறது. அவிச்சாலும் அதின்ர வித்து சாகாது."

அவா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தா. "மீன் வெட்டுற கையெண்டு சொன்னவளுக்கு இதைச் சொல்லோணும்."

அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அவா முதல்நாள் பின்னேரமே சமைத்து, நடந்து வருகிற சனம் சூடாகச் சாப்பிடட்டும் என்று சோற்றுக் கிடாரத்தைச் சாக்கால் போர்த்தியிருந்தா. அந்த இளஞ்சூட்டில்தான் வித்துகள் முளைத்துக் கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கியது. விடியத் திரும்பச் சூடாக்கியும் நஞ்சு அழியவில்லை.

இரவு ஏழு மணிக்கு அவாவே போன் எடுத்தா. நான் சொன்னதைக் கேட்டு, கோயில்காரர் நாளைச் சோற்றையும் அவாவிடமே விட்டுவிட்டார்களாம்.

"சமைச்சு முடிஞ்சுது பிள்ளை. இந்தமுறை இரண்டு சாக்கால மூடியிருக்கிறன்."

அப்போதுதான் முழுவதையும் சொன்னேன்.

"அப்ப என்ர கைதான்," என்றா.

பிறகு அவ்வளவு சோற்றையும் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டு, விடிய மூன்று மணிக்குத் திரும்ப உலை வைக்கப்போவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டா.