துரை வெளியே வரவில்லை

ஜூன் 3, செவ்வாய்

நாய்க்குட்டி இன்றும் வாஷிங் மெஷினுக்குப் பின்னால்தான். கிளினிக்கிலிருந்து வந்ததும் குனிந்து பார்த்தேன். இருட்டில் இரண்டு கண்கள், அவ்வளவுதான். காலையில் வைத்துவிட்டுப் போன கோழித்துண்டுகளைக் காணோம். நான் வீட்டில் இல்லாதபோது மட்டும் பசிக்கும் போலிருக்கிறது.

ஏதோ குடோனில் மூட்டைகளுக்கு அடியில் பிறந்தானாம். மனுஷ வாடையே படாமல் வளர்ந்த குட்டி. நாய்க் காப்பகத்து டாக்டரம்மா கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "சின்ன வயசுலயே ஆள் பழகினாத்தான் உண்டு. இப்பவே லேட்டு. பழகலன்னா யாரும் எடுத்துக்க மாட்டாங்க, எங்க பின்கட்டுலதான் கிடக்கணும்." பின்கட்டு என்பது காப்பகத்தின் கடைசியில் கம்பி வேலி போட்ட இடம். யாருக்கும் வேண்டாத நாய்கள் ஆயுசுக்கும் அங்கேதான். எட்டிப் பார்க்கக்கூட எனக்கு மனசு வரவில்லை.

"என்கிட்ட குடுங்க, நான் பழக்கறேன்" என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன். பல் கிளினிக்கில் என் வேலையே பயந்தவர்களைப் பார்த்துக்கொள்வதுதானே! டிரில் சத்தம் கேட்டதும் நாற்காலியிலிருந்து இறங்கி ஓடப் பார்ப்பவர்களை எங்கள் டாக்டர் என் தலையில்தான் கட்டுவார். தோளில் கை வைத்து நாலு வார்த்தை பேசினால் வாயைத் திறந்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

இவனிடமும் நாலு வார்த்தை பேசினேன். நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டான்.

ஜூன் 5, வியாழன்

என் வீட்டுக்காரரோடு சண்டை. அவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். தொண்டை அப்படி. செருப்பைக் கழற்றும்போதே "காபி இருக்கா?" என்று ஒரு கத்து. உள்ளே மெஷின் ஆட்டம் கண்டது, அதற்குப் பின்னால் இருந்தவன் நடுங்கிய நடுக்கத்தில்.

"நாள் முழுக்க 'பிரேக்கை அமுக்கு, பிரேக்கை அமுக்கு'ன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கத்திட்டு வர்றேன். வீட்டுக்கு வந்தா கிசுகிசுன்னு பேசணுமா? என் வீட்டுல நானே திருடன் மாதிரி நடக்கறேன்!" என்றார். இதைச் சொன்னதுகூடக் கிசுகிசுவென்றுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

குட்டிக்குத் துரை என்று பெயர் வைத்திருக்கிறார். "யாருக்கும் முகத்தையே காட்ட மாட்டேங்கறாரு. சாப்பாடு மட்டும் உள்ள போகணும். துரை இல்லாம வேற என்ன?"

ஜூன் 8, ஞாயிறு

ஒன்றுமில்லை.

ஜூன் 11, புதன்

வந்தான்! வந்தான்!

கிளினிக்கில் இன்று கடைவாய்ப் பல் ஒன்று உயிரை எடுத்துவிட்டது. வீட்டுக்கு வந்தவள் கிளினிக்கில் மாட்டும் பச்சைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கையில் ஒரு துண்டுக் கோழி. கண்ணை மூடியபடி இருந்தேன். விரலில் ஈரமாக என்னமோ பட்டது. மூக்கு. கோழியை எடுத்துக்கொண்டு அங்கேயே நின்று மென்றான். நான் மூச்சுகூட விடவில்லை.

ஜூன் 12, வியாழன்

உடை மாற்றிவிட்டு உட்கார்ந்தேன். வரவில்லை. யோசித்துவிட்டுக் கோட்டை எடுத்து மாட்டினேன். மெல்ல வந்தான். கோட்டு முழுக்க மருந்து வாடை, கிராம்பு எண்ணெய் வாடை. அதில் அப்படி என்ன கண்டானோ. பிடித்திருந்தால் கோட்டோடு இருந்துவிட்டுப் போகிறேன், எனக்கென்ன நஷ்டம்? நாளாக ஆகத் தானாகச் சரியாகிவிடும். கிளினிக்கில் பழைய கோட்டு இரண்டு சும்மா கிடக்கிறது, கேட்டு வாங்கி வர வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

வீட்டுக்காரருக்கும் ஒரு கோட்டு. தொப்பைக்கு மேல் பொத்தான் ஏறவில்லை. "ஆபரேஷன் எத்தனை மணிக்கு சிஸ்டர்?" என்று கேட்டார், கிசுகிசுவென்று. துரை அவர் முழங்காலை முகர்ந்து பார்த்தான். பிறகு தொடைமேல் முன்னங்கால் ஒன்றை வைத்தான். மனுஷன் கால் மரத்துப்போய் முகம் கோணிக்கொண்டு போகிறது, எழுந்திருக்கவில்லை.

எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. எழுதிவைக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

எதிர்வீட்டு அக்கா மூன்றாவது கோட்டில். "என்னடி இது, பிஸ்கட்டு தர்றேன்னு கூப்பிட்டுட்டுப் பல்லைப் பிடுங்கப் போறியா?" என்று கேட்டபடிதான் மாட்டிக்கொண்டார். துரை அவர் கையில் தின்றான். முதுகைத் தடவவிட்டான்! மூன்று பேர், அதில் ஒருவர் வெளியாள்.

டாக்டரம்மாவுக்கு உடனே போன் செய்தேன். "ஆள் பழகிட்டான் மேடம்." அவருக்கு நம்பவே முடியவில்லை. ஒரு தபால்காரர் குடும்பம் குட்டி கேட்டுக்கொண்டிருக்கிறதாம், அடுத்த வாரம் அழைத்து வருகிறாராம்.

கோட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது?

ஜூலை 6, ஞாயிறு

கை வலிக்கிறது. எழுத்து கோணலாகத்தான் வரும்.

வருகிறவர்களிடம் போய்க் கோட்டை மாட்டிக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது? வெட்கமாக இருந்தது. நானும் நாலு பேர் வருகிறார்களே என்று நல்ல புடவை கட்டிக்கொண்டேன். தபால்காரர் நல்ல மனுஷன், வாசலிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவர் மனைவி தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். துரை சுவரில் ஏறப் பார்த்தான். நிஜமாகவே, நகத்தால் சுவரைப் பிறாண்டிக்கொண்டு. அலறல். தரையெல்லாம் நாசம். நான் ஓடிப் போய்த் தூக்கினேன். நான்தானே, எங்கிட்ட வந்துடுவான்னு...

கடித்துவிட்டான். என்னை. விளையாட்டுக் கடி இல்லை.

அவர்கள் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா என் கையைக் கழுவிவிடும்போது கதவுக்குப் பின்னால் தொங்கிய மூன்று கோட்டையும் பார்த்தார். "இது எதுக்கு இங்க?" சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கோட்டை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அவன் உங்ககிட்டப் பழகலம்மா. அந்தத் துணிகிட்டப் பழகியிருக்கான்."

அப்ப இத்தனை நாளா நான் யாரு? கோட்டு மாட்டற ஆணியா? என் கையில தின்னானே, என் மடியில தூங்கினானே, அதெல்லாம் யார்கிட்ட?

ஜூலை 7, திங்கள்

ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ஒரு அம்மா நாற்காலியில் நடுங்கிக்கொண்டிருந்தார். தோளில் கை வைத்தேன், வாயைத் திறந்துவிட்டார். எனக்காகவா திறந்தார்? இதே கோட்டை எங்கள் கிளினிக் வாட்ச்மேனுக்கு மாட்டிவிட்டிருந்தாலும் திறந்திருப்பாரோ? இதுவரை எனக்கு இப்படித் தோன்றியதே இல்லை. கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்து உடைந்தது.

ஜூலை 10, வியாழன்

கோட்டு இல்லாமல் முதலிலிருந்து. தரையில் உட்கார்ந்தேன். முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். படுத்தும் பார்த்தேன். மெஷினுக்குப் பின்னாலிருந்து அசைவே இல்லை.

ஜூலை 14, திங்கள்

தட்டு வைத்தது வைத்தபடி.

ஜூலை 17, வியாழன்

விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. நான் வெளியே போனாலும் இப்போது சாப்பிடுவதில்லை.

"மாட்டித்தான் தொலையேன் அந்தக் கோட்டை. பழக வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், சாப்பிடட்டும்" என்றார் வீட்டுக்காரர். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. மாட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். துரை முகர்ந்தான். ஒரு நிமிஷம் எனக்கு நம்பிக்கை வந்தது. பிறகு உடம்பைச் சுருக்கிக்கொண்டு இன்னும் உள்ளே போய்விட்டான்.

கோட்டும் இப்போது அவனுக்கு ஆகவில்லை. உள்ளே இருப்பது நான்தான் என்று தெரிந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

டாக்டரம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். "இதுக்கு மேல வச்சுக்கிட்டா அவனுக்குத்தான் கஷ்டம். உங்க மேல தப்பு இல்லம்மா, நிறைய குட்டிங்க இப்படித்தான்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னார். என் தப்புதான். பழக்குகிறேன் பேர்வழி என்று இருந்த கொஞ்ச காலத்தையும் வீணடித்தேன்.

கூண்டுக்குள் அவனே போய் மூலையில் ஒண்டிக்கொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்?

வீட்டில் இனி சத்தமாகப் பேசலாம். அவர் டிவியைக்கூடப் போடவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

"வா, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரலாம்" என்று காலையிலிருந்து கூப்பிடுகிறார். முடியாது. அந்தப் பின்கட்டில் அவனைப் பார்க்க என்னால் முடியாது. தலைவலி என்று படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

போனேன். தனியாகத்தான் போனேன், அவருக்கு வகுப்பு இருந்தது. கோழி வேகவைத்து டப்பாவில் எடுத்துக்கொண்டேன்.

பின்கட்டு நான் நினைத்த மாதிரி இல்லை. மண் தரை, இரண்டு மரம், நிறைய நாய்கள். முதலில் அவனைத் தெரியவில்லை. உடம்பு தேறியிருக்கிறது. ஒரு கண் இல்லாத கிழட்டு நாயின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். அது உறுமியது, இவன் துள்ளிக் குதித்து ஒரு சுற்று ஓடிவிட்டு மறுபடி காதுக்கே வந்தான். வால் நிமிர்ந்து நின்றது. குரைத்தான். அவன் குரைத்து நான் கேட்டதே இல்லை. இவ்வளவு பெரிய குரலா இந்தப் பயலுக்கு!

நான் ஒரு அடி முன்னால் வைத்தேன் போல. பார்த்துவிட்டான். அப்படியே நின்றான். வால் கீழே போனது, காது கீழே போனது, வயிறு மண்ணைத் தொட்டது.

பின்னால் நகர்ந்து சுவர் மறைவுக்கு வந்துவிட்டேன். டாக்டரம்மா, "பரவாயில்ல, வாங்கம்மா. வேலிகிட்ட நின்னு பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்றார். வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் எந்தச் சத்தமும் இல்லை. பிறகு கிழட்டு நாய் உறுமியது. பிறகு இவன் குரல்.

அழுதேன். அழுகிறேன் என்று டாக்டரம்மாவுக்கும் தெரியும்.

கிளம்பும்போது டப்பாவை அவர் கையில் கொடுத்தேன். "நான் கேட்டைத் தாண்டினப்புறம் டப்பாவோட அவன்கிட்ட வைங்க மேடம். டப்பாவை மட்டும் நல்லாத் துடைச்சிடுங்க, என் கை வாடை இருக்கும்" என்றேன்.