எட்டாவது முகம்

மார்ச் 4, புதன்

மாலை தம்பியைக் கூட்டிவரப் போனபோது, அவன் போகும் சிறப்புப் பயிற்சி நிலையத்தின் செயலாளர் உள்ளே கூப்பிட்டார். நன்கொடை கேட்டு அனுப்பப் புதிய புரோஷர் வேண்டுமாம். பழையதை மேசையில் விரித்துக் காட்டினார். ஐந்து வகை எழுத்துரு. நிலையத்தின் சின்னம் மூன்று பக்கத்தில் மூன்று பச்சை. ஒரு படம் மஞ்சளடித்து, அடுத்தது நீலமடித்து, ஆளாளுக்கு ஒரு கைபேசியில் எடுத்தது.

"முதல் பக்கத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரே கை செஞ்ச மாதிரி இருக்கணும். உங்களை விட்டா எங்களுக்கு யாரு?" என்றார்.

பதினைந்து வருடமாக வடிவமைப்புதான் என் தொழில். தம்பி ஒன்பது வருடமாக அங்கே உறை ஒட்டுகிறான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 6, வெள்ளி

ஒரு எழுத்துரு, இரண்டு அளவு, ஒரே நிறம்: சாம்பல் கலந்த நீலம். செயலாளர் எழுதித் தந்த வாசகத்தில் எல்லா இடத்திலும் 'குழந்தைகள்'. எங்கள் வீட்டுக் குழந்தைக்கு முப்பத்திரண்டு வயது. தினமும் காலையில் சவரம் செய்துகொள்கிறான்.

மார்ச் 9, திங்கள்

படம் எடுத்தேன். எட்டுக் குடும்பங்கள்தான் சம்மதக் கையெழுத்து போட்டிருக்கின்றன, எங்களையும் சேர்த்து. அதனால் நடுப்பக்கத்தில் எட்டுக் கட்டம், எட்டு முகம். ஒரே சுவர், ஒரே ஜன்னல் வெளிச்சம், ஒரே தூரம். ஏழு பேர் அமைதியாக உட்கார்ந்தார்கள். தம்பி, கேமரா கண்ணில் பட்டதும் ஈறு தெரியச் சிரித்தான். இருபத்தாறு தடவை எடுத்தேன். இருபத்தாறிலும் அதே சிரிப்பு.

"விடுங்க, அவர் படம்னா அது இப்படித்தான் இருக்கும்" என்றார் கைத்தொழில் டீச்சர்.

மார்ச் 13, வெள்ளி

மாதிரியைச் செயலாளரிடம் காட்டினேன். பக்கம் பக்கமாகத் தடவிப் பார்த்தார். நடுப்பக்கத்தில் விரல் நின்றது.

"எல்லாம் பிரமாதம். உங்க தம்பி மட்டும் கல்யாண வீட்டுல நிக்கற மாதிரி இருக்கார். பாக்கறவங்க மனசு இளகணுமா இல்லையா?"

அவனை எடுத்துவிடுகிறேன் என்றேன். ஒரு கட்டம் காலியாகிவிடும், பொக்கையாகத் தெரியும் என்றார். அதுவும் உண்மைதான்.

"கம்ப்யூட்டர்ல வாயை மட்டும் மூட முடியாதா?"

அவர் கோப்பை மூடிக்கொண்டே, "அடுத்த வருஷம் யார் யாருக்கு இடம்னு இந்த மாசம்தான் உக்காந்து பேசணும்" என்றார். எதற்கு அதை அப்போது சொன்னார்? சும்மாதான் சொன்னாரோ?

மார்ச் 14, சனி

செய்துவிட்டேன்.

வாய் மூடிய படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. போன வருடம் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எடுத்தது. அந்த வாயை எடுத்து இந்த முகத்தில் வைத்தேன். பத்து நிமிட வேலை. ஆனால் கன்னம் மேலேறியே நின்றது, இறக்கினேன். அப்புறமும் கண் சிரித்துக்கொண்டிருந்தது. கண்ணை அணைக்கத்தான் அரை மணி நேரம் பிடித்தது.

செயலாளர் சொன்னதால் செய்தேன் என்று இங்கே எழுதினால் பாதிப் பொய். ஏழு அமைதியான முகங்களுக்குப் பக்கத்தில் அவன் பல் என் கண்ணையும் உறுத்தியது. முடித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். பக்கம் அழகாக இருந்தது. சந்தோஷப்பட்டேன். அதையும் எழுதிவைக்கத்தான் வேண்டும்.

மார்ச் 19, வியாழன்

அச்சகத்தில் மாதிரித் தாள் பார்த்தேன். நீலம் நான் கேட்டபடியே விழுந்திருந்தது. "எட்டுப் பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க மாதிரி இருக்காங்க" என்றார் அச்சகக்காரர். என்னைப் பாராட்டுகிறார்.

மார்ச் 27, வெள்ளி

தம்பி புரோஷரை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தான். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொருவராகக் காட்டினான். "இவர் பசை காய்ச்சுவார். இவங்க என் டம்ளர்ல குடிப்பாங்க. இவர் தூங்கிடுவார்." ஏழு பேரைச் சொன்னான். எட்டாவது கட்டத்தில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா, இது யாரு?"

"நீதான்டா."

"இல்ல" என்றான். கோபமில்லை, தப்பைத் திருத்துகிற குரல்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இவனுக்கு எப்ப உடம்பு சரியில்லாம போச்சு?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கணும்னு..."

"உங்கப்பாவைத் தூக்கிட்டுப் போன அன்னிக்குக்கூட இவன் முகம் இப்படி இருந்ததில்ல. நீயா செஞ்சே?"

ஆமாம் என்றேன். அம்மா தாளை மடித்தாள். நான் போட்ட மடிப்பிலேயே, ஒழுங்காக.

மார்ச் 29, ஞாயிறு

அம்மா என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது. தட்டு மட்டும் வருகிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

இன்று நிலையத்துக்கு நன்கொடையாளர்கள் வந்தார்களாம். டீச்சர் வாசலில் என்னை ஓரமாக அழைத்துச் சொன்னார். காலையில் செயலாளர் புரோஷரை விரித்து தம்பி முன்னால் பிடித்தாராம். "வர்றவங்க போற வரைக்கும் இதுல இருக்கற மாதிரி இரு." அவனுக்கு வாயை அடக்கத் தெரியவில்லை. அதனால் கையால் பொத்திக்கொண்டான். இரண்டு மணி நேரம். உறை ஒட்டவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் கையை எடுக்கவில்லை. விரல் இடுக்கு வழியாகக் கேட்டான்:

"அக்கா, சரியா இருக்கா?"

கையைப் பிடித்து இறக்கினேன். மோவாயில் நாலு விரலும் பதிந்திருந்தன.

ஏப்ரல் 13, திங்கள்

செயலாளரிடம் போனேன். மீதிப் பிரதிகளை நிறுத்துங்கள், அவன் சொந்தப் படத்தைப் போட்டு என் செலவில் அச்சடித்துத் தருகிறேன் என்றேன்.

"எதுக்கு? எல்லாரும் பாராட்டறாங்க."

"அது அவன் இல்ல மேடம்."

"நான் கேட்டேன், நீங்க செஞ்சீங்க. முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கட்டாயப்படுத்தியிருப்பேனா?"

அவரே தொடர்ந்தார்: "இடத்துக்காகக் காத்துக்கிட்டிருக்கறவங்க நிறையப் பேர். கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க."

நன்கொடையாளர்களுக்குப் புரோஷர் போகிற உறைகளில் முகவரி அச்சிட்டவள் நான்தான். பட்டியல் என்னிடம் இருக்கிறது.

ஏப்ரல் 15, புதன்

எல்லாருக்கும் எழுதிவிட்டேன். நடுப்பக்கத்தில் கடைசி முகத்தை மாற்றியது நான், ஏன் மாற்றினேன், உண்மையான படம் இது. வேறெதுவும் எழுதவில்லை. அனுப்புவதற்கு முன் அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இடம் போயிடும்" என்றாள். ஆமாம் என்றேன். "அனுப்பு" என்றாள். பத்தொன்பது நாளில் அவள் என்னிடம் பேசியது இந்த இரண்டும்தான்.

ஏப்ரல் 22, புதன்

ஒரே ஒருவர் பதில் போட்டிருக்கிறார். வடிவமைப்பு மிக நேர்த்தியாக இருந்ததாம். பாராட்டுகளாம்.

ஏப்ரல் 29, புதன்

நிலையத்திலிருந்து கடிதம். மே மாதம் முதல் தம்பிக்கு இடமில்லை, வருந்துகிறார்கள். புதிய கடிதத்தாள். என் எழுத்துரு, என் நீலம், ஓரத்தில் நான் விட்ட அதே இடைவெளி. புரோஷரோடு எல்லாம் ஒத்துப்போகவேண்டும் என்று நான்தான் செய்துகொடுத்தேன். ஒரு குறை சொல்ல முடியாது.

மே 4, திங்கள்

எட்டரைக்கு தம்பி பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். போகவேண்டாம் என்று நேற்றிரவு சொல்லியிருந்தேன். தலையாட்டியிருந்தான். நிலையத்தின் வண்டி எங்கள் தெரு வழியாகத்தான் போகும். ஓட்டுநர் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார்.

"லீவாக்கா?"

"லீவுடா."

"அவங்கல்லாம் போறாங்களே."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்: "நீ வந்து சாப்பிடுடா."

பையைத் தோளில் மாட்டியபடியே உட்கார்ந்து சாப்பிட்டான். அம்மா கழற்றச் சொல்லவில்லை. எனக்கும் ஒரு தட்டு வைத்து, "நீயும் உக்காரு" என்றாள்.