லிட்டருக்குப் பதினைந்து

மார்ச் 3, செவ்வாய்

இன்று மாலை 15.2.

வண்டியை அணைத்ததும் திரையில் ஒரு எண் சிறிது நேரம் நின்றுவிட்டு மறையும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் வந்தது என்று சொல்கிற எண். அதைப் பார்க்க வேண்டாமென்றுதான் மாமா அவசரமாகக் கதவைத் திறந்து இறங்குகிறார் என்று நினைக்கிறேன். பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிற ஆள் நான் மட்டும்தான்.

அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்ன, உங்க மகாராணி இன்னைக்கு எவ்வளவு குடிச்சா?"

"கொஞ்சம்தான்," என்றார் மாமா. பதினைந்து என்பது கொஞ்சமா? பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டுகிற வண்டி இது. போன வருடம் பழையதாக வாங்கியபோது இருபத்திரண்டு வரும் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். "வாங்கின புதுசுல வந்துச்சுதான். அப்புறம் என்னவோ ஆயிடுச்சு," என்று அக்காவே சொல்கிறாள். மெக்கானிக் இரண்டு முறை பார்த்துவிட்டு, வண்டியில் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்.

சாப்பிடும்போது மாமா சொன்னார்: "மாசக் கடைசியில தரகரை வரச் சொல்லியிருக்கேன். தள்ளி விட்டுட்டு, ஆபீஸ்ல ஒருத்தர் பைக்ல வர்றாரு, அவர் பின்னாடி உக்காந்து போயிக்கிறேன்."

நான்?

யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மாமா ஆபீஸ் போகிற வழியில் என்னை இறக்கி விடுகிற பட்டறை காலை ஆறரைக்குத் திறக்கிறது. முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் எட்டேகாலுக்குத்தான் போய்ச் சேரும். வண்டி போனால் என் வேலையும் போகும்.

மார்ச் 4, புதன்

புதனன்று பட்டறைக்குச் சரக்கு வராது, எனக்கு லீவு. துணி மடித்தேன்.

வேலையைப் பற்றி இங்கே ஒருநாளும் எழுதியதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடைகள் அனுப்புகிற ஃபிரேம்களுக்கு லென்ஸை விளிம்பு தீட்டி உட்கார வைக்கிற பட்டறை. உட்கார வைத்ததைச் சரிபார்ப்பது நான். கால் மில்லிமீட்டர் கூடினால் ஃபிரேம் விரிந்துகொள்ளும், குறைந்தால் லென்ஸ் ஆடும். அங்கே நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்தாலும் யாரும் குறையாக நினைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் அப்படியில்லை. எழுந்து நின்று பேச வேண்டிய பரீட்சை ஒன்று வந்தது. அன்று போகவில்லை. மறுநாள் போக வெட்கமாக இருந்தது. அதற்கு மறுநாள் இன்னும் வெட்கம். அப்படியே பத்தாவதோடு நின்றுவிட்டேன்.

மாமா வந்து சொன்னார், இன்றைக்குப் பத்தொன்பது காட்டியதாம். "வண்டிக்கு இன்னைக்கு மூடு நல்லாருந்துச்சு."

வண்டிக்கு மூடு இருக்குமா?

மார்ச் 5, வியாழன்

15.4.

திரையில் ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டியின் படம் வருகிறது. இன்ஜினிலிருந்து சக்கரத்துக்கு ஒரு அம்பு, பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு ஒரு அம்பு. மெதுவாக பிரேக் பிடித்தால் அம்பு திரும்பிக்கொண்டு சக்கரத்திலிருந்து பேட்டரிக்குப் போகிறது. அதாவது, நிற்பதற்காக நாம் வீணாக்குகிற வேகத்தை வண்டி சேர்த்து வைத்துக்கொள்கிறது. முப்பத்தொரு கிலோமீட்டரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாமா மெதுவாகப் பிடிப்பதே இல்லை. ஒவ்வொரு சிக்னலிலும், குறுக்கே ஏதோ பாய்ந்தது போல ஒரே மிதி. அம்பு திரும்ப நேரமே கிடைப்பதில்லை.

சொல்லலாமா? ஓட்டத் தெரியாத நான் சொல்வதா?

மார்ச் 6, வெள்ளி

சொல்லிவிட்டேன். நான்கு சிக்னல் தாண்டி, ஐந்தாவதில்.

"மாமா... தூரத்துல சிவப்பு தெரிஞ்சதும் காலை எடுத்துட்டா, வண்டி தானா சார்ஜ் ஏத்திக்குது."

கண்ணாடியில் என்னையே பார்த்தார். "மௌனசாமி வாயத் தொறந்துருச்சு. இன்னொரு தடவ சொல்லு, காதுல விழல." விழுந்திருக்கும். திரும்பவும் பேச வைக்கத்தான்.

சொன்னேன். மாலையில் செய்து பார்த்தார். பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை விடவே இல்லை. 16.1.

மார்ச் 9, திங்கள்

டிரைவர் கதவைத் திறந்தால் உள் விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் இருக்கிறது. டயரில் காற்று 33 இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. பெட்ரோல் பங்கில் காற்று அடிக்குமுன் அளந்து பார்த்தால் நான்கிலும் 27. மாமா அசடு வழிந்தார். "இந்த ஸ்டிக்கர் எப்பருந்து இங்க இருக்கு?"

16.9.

மார்ச் 11, புதன்

லீவு. சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய், எண் மறைவதற்குள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

20.6.

போன புதன் பத்தொன்பது. இந்தப் புதன் இருபதுக்கு மேல். அதே ரோடு, அதே நேரம், அதே நெரிசல். இல்லாதது நான் மட்டும்.

எடை பார்த்தேன். நாற்பத்துமூன்று கிலோ. ஒரு ஆள் இவ்வளவு கனமாகவா இருக்க முடியும்?

மார்ச் 12, வியாழன்

17.0. இரவு பாதிதான் சாப்பிட்டேன். "இருக்கிறதே எலும்பும் தோலும், இதுல டயட்டா?" என்று அக்கா தட்டை மறுபடி நிரப்பினாள்.

மார்ச் 16, திங்கள்

17.0. ஏசியையும் குறைத்தாயிற்று. டிக்கியில் கிடந்த பழைய சாமானை எல்லாம் இறக்கியாயிற்று. நகர மாட்டேன் என்கிறது.

மார்ச் 18, புதன்

நேற்றே யோசித்து வைத்திருந்தேன். எடைதான் காரணம் என்றால், நான் போகாத நாளில் என் எடையை மட்டும் அனுப்பிப் பார்க்க வேண்டும். காலையில் இரண்டு தண்ணீர் கேன்களை நிரப்பி, பின் சீட்டில் நான் உட்காருகிற இடத்தில் வைத்து பெல்ட் போட்டேன். நாற்பது லிட்டர், நாற்பது கிலோ. நான்தான், ஏறக்குறைய.

மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "உனக்குப் பதிலா இதுவா? பரவால்ல, இதாவது வழியில ரெண்டு வார்த்தை பேசுதான்னு பாக்குறேன்."

மாலை: 20.9.

அப்படியென்றால் எடை இல்லை. நான் போனால் குறைகிறது, என் எடை மட்டும் போனால் குறையவில்லை. என்னிடம் இருக்கிற எது தண்ணீர் கேனிடம் இல்லை? சட்டை. செருப்பு. மூச்சு.

பை. தண்ணீர் கேன் பை கொண்டுபோவதில்லை.

மார்ச் 19, வியாழன்

பின் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில், அளவெடுத்தது போல ஒரு சந்து. பட்டறைக் கோட்டும் சாப்பாட்டு டப்பாவும் போட்ட பையை, வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒன்பது மாதமாக அங்கேதான் திணித்து வைக்கிறேன். இன்று பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்தேன். சீட்டின் பக்கவாட்டில் சட்டம் சட்டமாக ஒரு பிளாஸ்டிக் மூடி. கையை வைத்தால் காற்றை உள்ளே இழுக்கிறது. உள்ளே ஒரு மின்விசிறி மெல்ல ஓடுகிறது. வழக்கமாக வீடு வந்து சேர்வதற்குள் அது இரைக்க ஆரம்பித்துவிடும். வண்டி என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். இன்று இரைக்கவே இல்லை.

21.1.

மாமா உள்ளே போன பிறகு வண்டியின் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். பேட்டரி அந்த சீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. சூடாகாமல் இருக்க அந்த வழியாகத்தான் மூச்சு விடுகிறது. சூடானால் பேட்டரி ஒதுங்கிக்கொள்ளும், எல்லாப் பாரமும் இன்ஜின் தலையில் விழும். பக்கத்திலேயே ஒரு படம்: அந்த மூடியை அடைத்துக்கொண்டு ஒரு பை, அதன்மேல் பெரிய சிவப்புப் பெருக்கல் குறி. படத்தில் இருக்கிற பை என் பையைப் போலவே இருக்கிறது.

ஒன்பது மாதம். பெட்ரோல் போடுகிற ஒவ்வொரு முறையும் அக்காவும் மாமாவும் முகத்தைத் தூக்கிக்கொண்டார்களே — அத்தனையும் என்னாலா? எல்லாம் நான்தானா? எப்படிச் சொல்லப் போகிறேன்?

மார்ச் 20, வெள்ளி

21.4. சொல்லவில்லை.

சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் மாமா அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். "பாத்தியா? எல்லாம் காலுல இருக்கு. வண்டியக் குத்தம் சொன்னியே. பெடல்ல முட்டை இருக்குன்னு நெனச்சு ஓட்டணும். அது எல்லாராலயும் முடியாது." ஒன்பது மாதத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. இதை எப்படிக் கெடுப்பது?

வண்டியை இனிமேல் விற்க மாட்டார், அதனால் சொல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 21, சனி

வண்டி கழுவுகிற சாக்கில் அந்த மூடியைக் கழற்றினேன். வடிகட்டியில் தூசியும் நூலும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருந்தது. நூலெல்லாம் வெள்ளை, என் பட்டறைக் கோட்டின் வெள்ளை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன்.

மதியம் மாமா ஃபோனில் பேசுவது கேட்டது. "மாசக் கடைசி வரைக்கும் எதுக்கு, நாளைக்கே வாங்க. நம்பர் இப்ப ஜம்முனு இருக்கு."

அக்கா கேட்டாள், "அதான் சரியாயிடுச்சே, அப்புறம் எதுக்கு விக்கிறீங்க?"

"சரியானது வண்டி இல்ல, நானு. ஆயுசு முழுக்க இப்பிடி ஊர்ந்துக்கிட்டே ஓட்ட என்னால ஆகாது. கால் வலிக்குது. நல்லா இருக்கும்போதே குடுத்துரணும்."

நான் எண்ணை ஏற்ற ஏற்ற, வண்டியை நானே வாசலுக்கு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 22, ஞாயிறு

தரகர் பத்து மணிக்கு வந்தார். வெயில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி விட்டிருந்தார். அதில் ஒரு லென்ஸ் ஆடிக்கொண்டிருந்தது, அதைத்தான் முதலில் கவனித்தேன். மாமா அவரை உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். நானும் அக்காவும் வாசலில் நின்றோம்.

"இருபத்திரண்டு காட்டுது. பழைய வண்டியில இது பெரிய விஷயம் சார்," என்றார் தரகர்.

"எல்லாம் ஓட்டுற கால்ல இருக்கு," என்றார் மாமா.

"உங்க கால் இல்ல மாமா. என் பை."

நான் சொன்னதுதான். மூன்று பேரும் திரும்பிப் பார்த்தபோது எனக்குக் காது சுட்டது. ஆனால் பாதியில் நிறுத்தினால் இன்னும் கேவலம். பையை எங்கே வைப்பேன், காற்று வழி எது, புதன்கிழமைகள், தண்ணீர் கேன், நேற்று எடுத்த தூசி — மளமளவென்று கொட்டிவிட்டேன். கடைசியில், "ஒம்பது மாசமா என்னாலதான். மன்னிச்சிருங்க. வண்டிய விக்காதீங்க. வித்துட்டா நான் வேலைக்குப் போக முடியாது," என்றேன். அழவில்லை.

முதலில் சிரித்தவள் அக்காதான். வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "முட்டையாம் முட்டை. உங்க காலைத் தூக்கி ஃபிரேம் போட்டு மாட்டுங்க."

மாமா என்னையே பார்த்தார். "அப்ப நான் ரெண்டு வாரமா லாரிக்காரன்கிட்ட எல்லாம் திட்டு வாங்கிக்கிட்டு ஓட்டினது?"

"அதுல கொஞ்சம் இருக்கு மாமா. முக்கால்."

"முக்கால்வாசியா?"

"முக்கால் கிலோமீட்டர்."

தரகர் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா வண்டியைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வந்தார். "வேலைக்குப் போறதுக்கு வேற வழி இல்லன்னு ஏன் முன்னாடியே சொல்லல?" என்று என்னிடம் கேட்டார். கோபமாக இல்லை. பிறகு தரகரிடம், "வண்டி குடுக்கல சார். வீண் அலைச்சல், தப்பா எடுத்துக்காதீங்க. காப்பி சாப்ட்டுட்டுப் போங்க," என்றார்.

காப்பி குடிக்கிறபோது தரகர் மாமாவிடம் பேசவே இல்லை, என்னிடம்தான் பேசினார். "இதே மாதிரி வண்டி ரெண்டு என் ஷெட்ல ஆறு மாசமா நிக்குதும்மா. மைலேஜ் இல்லன்னு ஒருத்தரும் தொட மாட்டேங்குறாங்க. வந்து பாக்குறியா?"

"ஞாயித்துக்கிழமைன்னா வர முடியும்," என்றேன்.

அவர் போன பிறகு டம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. முடியாது என்று நான் சொல்லவில்லை. எந்தக் கிழமை வசதி என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

அக்காவும் கூட வந்தாள், ஷெட் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள். முதல் வண்டியில் ஐந்தே நிமிடம். மூடிக்குள் ஒரு குழந்தையின் காலுறை. இழுத்து எடுத்ததும் தரகர் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாவது வண்டியில் காற்று வழி சுத்தம். வடிகட்டி புதிது. டயரில் காற்று சரி. ஓட்டிப் பார்த்தோம், நான் முன் சீட்டில். அம்பும் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புகிறது. ஆனாலும் பதினைந்துதான்.

ஏன்?