ஒரு தொட்டியா, இரண்டு தொட்டியா

கிள்ளான்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பு மகள் மலருக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம், சர்க்கரையும் பிரஷரும் இந்த மாதம் சொன்ன பேச்சைக் கேட்கின்றன. கூச்சிங்கில் நீயும் மாப்பிள்ளை பைசாலும் சுகம்தானே, அங்கே மழை விடவே இல்லை என்று செய்தியில் பார்த்தேன், வேலைக்குப் போய் வரும்போது நனையாதே. போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் இரண்டு நிமிஷம் ஒழுங்காகப் பேசுவேன், மூன்றாவது நிமிஷம் எனக்கு வாய் நீண்டுவிடும், நீயும் சரிம்மா வேலை இருக்கு என்று வைத்துவிடுவாய். தாளில் எழுதினால் பாதியில் யாரும் வைக்க முடியாது.

நம் சமையலறைத் தொட்டி போய்விட்டது. அடியில் துரு ஏறி ஓட்டை விழுந்து, கீழே இருந்த பலகையெல்லாம் ஊறிப்போய் ஒரே நாற்றம். மாதா கோயிலில் கிட்டார் வாசிக்கிற ஜெயராஜ்தான் பைப் வேலையும் செய்கிறான், அவன் வந்து குனிந்து பார்த்துவிட்டு, ஆன்டி, தொட்டி, கல், பலகை எல்லாமே மாத்தணும், சிங்கிள் சிங்க் போடவா டபுள் போடவா, கல்லை வெட்டிட்டா அப்புறம் மாத்த முடியாது லா, யோசிச்சுச் சொல்லுங்க என்றான். நான் ஒருத்தி, ஒரு தட்டு, ஒரு கரண்டி, இதற்கு என்ன யோசனை என்று நினைத்தேன். ஆனால் மேரு ரோட்டுக் கடையில் போய் நின்றால் தலை சுற்றுகிறது. கடைக்கார சீனன் டபுள்தான் நல்லது, ஒன்றில் சோப்புப் போடலாம், ஒன்றில் அலசலாம் என்கிறான். நான் அளந்து பார்த்தேன், ஒவ்வொரு குழியும் சின்னது, குவாலிச் சட்டியைப் போட்டால் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், இருக்கிற ஐந்தடி மேடையில் காய் வெட்ட இடமும் இருக்காது.

கூட வந்த பக்கத்து வீட்டுத் தாமரைதான் அந்தப் பேச்சை எடுத்தாள். உர்சுலாக்கா, ரெண்டு இருக்கட்டும், ஒரு பக்கம் நீங்க பன்னிக் கறி கழுவ, ஒரு பக்கத்தை மலருக்குன்னு தொடாம வைங்க, அப்பவாவது புள்ள வந்து கை நனைக்கும் என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக அந்தப் பேச்சை நானும் எடுக்கவில்லை, நீயும் எடுக்கவில்லை.

உன் அப்பாவின் ஆண்டுப் பூசையன்று நீ என்ன பெரிதாகக் கேட்டுவிட்டாய். தொட்டியில் பன்றிக் கறிக் குவாலியோடு எல்லாத் தட்டும் ஊறிக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, அம்மா எனக்கு ஒரு பேப்பர் தட்டு இருக்கா என்று காதோடு கேட்டாய். நான்தான் ஊர் கேட்கக் கத்தினேன். கைக்குழந்தையில் உன்னைக் குளிப்பாட்டின தொட்டி, கல்யாணம் கட்டி மதம் மாறினதும் உனக்கு அழுக்காகிவிட்டதா என்று கேட்டேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். அப்பா பெயரில் சமைத்த சாப்பாட்டை ஒரு வாய் சாப்பிடாமல் நீ ஏர்போர்ட்டுக்குப் போனாய். அன்றைக்கு நான் பேசினது தப்பு, மலர். அன்றிரவே எனக்குத் தெரியும், சொல்லத்தான் இத்தனை நாள்.

தாமரை சொன்னதுபோல் இரட்டைத் தொட்டிக்கே முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து படுத்தால் மனசு ஒப்பவில்லை. நீ உன் பக்கத்தில் நின்று உன் தட்டைக் கழுவ, நான் என் பக்கத்தில் நின்று என் தட்டைக் கழுவ, நடுவில் ஒரு தகரம். ஒதுக்கிவைத்த பக்கம் விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை. பெற்ற பெண்ணுக்கு அது எதற்கு? காலையில் கடை திறக்குமுன்னே போய் நின்று ஒற்றையாக மாற்றிக்கொண்டேன், கடைக்காரன் முறைத்தான், முறைக்கட்டும்.

இனி இந்த வீட்டுக்குள் பன்றிக் கறி வராது. குவாலி, கத்தி, வெட்டுக்கட்டை, பழைய தட்டு எல்லாவற்றையும் தாமரைக்குக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கிக்கொண்டேன். பின்வரிசை மலாய் அக்காவிடம் கேட்டேன், எல்லாம் புதுசு, கோழியும் ஹலால் கடையில் வாங்கினது என்றால் உன் மகள் தாராளமாகச் சாப்பிடலாம் என்றார். அம்மாவும் மாறிவிட்டாள் என்று நினைத்துவிடாதே, எனக்கு ஞாயிறு பூசை சாகும்வரை உண்டு. கிறிஸ்மஸ் வந்தால் நாக்கு கேட்கத்தான் செய்யும், உன் அப்பாவும் மேலேயிருந்து திட்டுவார். கறியா மகளா என்று வந்தபிறகு எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. தனியாக உட்கார்ந்து தின்கிற கறியில் ருசியும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை ஜெயராஜ் வந்து பொருத்திவிட்டான். நல்ல அகலம், ஆழம், நாம் இரண்டு பேர் சேர்ந்து நிற்கலாம். அதில் நான் இன்னும் ஒரு ஸ்பூன்கூடக் கழுவவில்லை, மேலே ஒட்டின பிளாஸ்டிக்கையும் உரிக்கவில்லை. முதலில் உன் கை படட்டும் என்று இருக்கிறேன். அதுவரை என் தட்டைப் பின்பக்கம் பைப்படியில் குந்திக் கழுவுகிறேன், எழுந்திருக்கும்போது கதவைப் பிடித்துக்கொள்கிறேன், பரவாயில்லை.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பார், தினமும் ஜெபமாலையில் உங்கள் இரண்டு பேரையும் சொல்கிறேன். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஒழுகினால் மூன்று மாதத்துக்குள் சொன்னால்தான் வந்து பார்ப்பேன் என்று ஜெயராஜ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறான். தண்ணீர் திறந்தால்தானே ஒழுகுமா ஒழுகாதா என்று தெரியும். அதற்குள் வந்துவிடு.

உன் அம்மா,
உர்சுலா