வெறுங்கையோடு விற்ற பத்திரிகை

அன்புள்ள என்னவருக்கு,

ரூவான் நகரில் உங்கள் அக்கா கைப்பக்குவத்தில் உங்கள் திடீர்க் காய்ச்சல் தணிந்திருக்கும்.

நம் பத்திரிகையிலிருந்து நீங்கள் நீக்கச் சொன்ன வாக்கியத்தை நான் நீக்கவில்லை: "மனித உரிமை அரசர் தருவதல்ல, பிறப்போடு இயற்கை தருவது."

செவ்வாயன்று காவலர்கள் வந்து, அச்சடித்த பத்திரிகையை ஒரு தாள் விடாமல் அள்ளிப்போனார்கள். ஆனால் நம்மிடம் வாங்கி விற்கும் பெரினுக்குப் படிக்கத் தெரியாதல்லவா? கூவுவதற்காகக் காலையிலேயே அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். வெறுங்கையோடு சந்தையில் நின்று கூவினாள்.

"வாயை மூடுடி!" என்றான் காவலன்.

"பேப்பரைத்தான் புடுங்கிட்டீங்க. இந்த வாயும் ராசா குடுத்ததா?"

மீன்காரிகள் அத்தனை பேரும் அதே வாக்கியத்தைக் கூவத் தொடங்கினார்கள். காவலன் ஓடிவிட்டான்.

காய்ச்சல் விட்டதும் வாருங்கள், சந்தை வழியாக. நீங்கள் அச்சிடப் பயந்ததை அங்கே மீனோடு சேர்த்துக் கூவுகிறார்கள்.

மை காயாத கையோடு,
உங்கள் மனைவி