சீமாட்டியை மாடிக்கு அனுப்பினேன்

லேக் கார்டன்ஸ், கொல்கத்தா
4 நவம்பர் 2024

சௌபாக்கியவதி தேவிப்ரியாவுக்கு ஆசிகள்.

இங்கே நாங்கள் மூவரும் சுகம். உன் சுகத்தைக் கோபாலன் வாயால்தான் தெரிந்துகொள்கிறேன். பெண்டாட்டியைப் பற்றிக் கேட்டால் பாதியை விழுங்கிவிட்டுப் பாதியைத்தான் சொல்கிறான் என்று எனக்குச் சந்தேகம். நான் அனுப்பும் வாட்ஸ்அப்புக்கு ஒற்றை டிக்கோடு சரி. உன் போன் பழுதா, இல்லை என்னை பிளாக் செய்திருக்கிறாயா என்று அவனையே கேட்டேன். போன் பழுதாக இருக்கும் அண்ணி என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். அதனால்தான் இந்தக் கடிதம். பத்து நாளில் வருகிறேன் என்று கோயம்புத்தூர் போனவள், துர்கா பூஜையும் காளி பூஜையும் முடிந்தும் வரவில்லை.

எழுத வந்தது உன் கோழியைப் பற்றி. மொட்டை மாடிக் கூண்டில் நீ தனியாக வளர்த்ததைக் கோபாலன் கொல்லைக்கு இறக்கிவிட்டான். பொரி மாதிரி வெள்ளையாக இருக்கிறதென்று, இந்த ஊரார் பொரிக்குச் சொல்கிறபடி மூரி என்று பெயர் வைத்தாயே, இப்போது பார்த்தால் அந்தப் பெயர் வைக்க மாட்டாய். கழுத்தில் இறகே இல்லை. வால் பக்கம் ரத்தம். என் நாலு கோழிகளுக்கோ ஒரு கீறல் கிடையாது.

முதலில் கீரி என்று நினைத்தேன். கீரி வந்தால் கழுத்தைக் கவ்விக்கொண்டு போகும், இறகைப் பிடுங்கிக்கொண்டு நிற்காது என்றார் இவர். பிறகு பக்கத்து வீட்டு போஸ் பாபுவின் பூனை. அதற்கு வயதாகி, மீன் முள்ளைக்கூட வாயருகே வைத்தால்தான் தின்கிறது. வேலைக்கு வரும் ஷெஃபாலி மீதும் எனக்கு ஒரு கண். இறகை வைத்து அவள் என்ன செய்வாள் என்று இவர் கேட்கிறார். காரணத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஆளைப் பிடிக்க வேண்டும் என்றேன்.

உன் கோழிக்குப் பசியும் குறைவு போலிருக்கிறது. மற்றவை தின்று நகர்ந்த பிறகு மெல்ல வந்து மிச்சத்தைக் கொத்தும். இப்போதைக்கு மாடிப்படிக்கு அடியில் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

கோபாலன் ஜாதவ்பூரில் உங்கள் இருவருக்கும் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறான். என்னிடம் சொல்லவில்லை. துவைக்கப் போட்ட சட்டைப் பையில் தரகரின் கார்டு கிடைத்தது. ஒத்துப்போகாதவர்கள் ஒதுங்கியிருப்பது நல்லதுதான். நான் நாலு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம். மூத்தவள் சொன்னால் பொறுத்துப் போவதுதானே? கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா? ஆனால் அன்று டேப்போடு வந்து வீட்டை அளந்தவனுக்குக் கேட்டைத் திறந்துவிட்டு, நாற்காலி போட்டுத் தண்ணீரும் கொடுத்தாயே, அதை நான் மறக்கவில்லை. அவன் ப்ரமோட்டரின் ஆள் இல்லையென்றால் வேறு யார்? இந்த வீட்டை இடித்து ஃபிளாட் கட்டும் யோசனை உனக்கு இல்லை என்று இன்னொரு முறை எழுதித் தெரிவி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மங்கையர்க்கரசி செந்தில்நாதன்


லேக் கார்டன்ஸ்
21 நவம்பர் 2024

அன்புள்ள ப்ரியா,

பதில் இல்லை. தபால்காரர் மீது சந்தேகப்பட்டு, ரிஜிஸ்டர் தபால் ரசீதோடு போஸ்ட் ஆபீஸுக்கே போய்க் கேட்டேன். கடிதம் வந்து சேர்ந்துவிட்டதாம், வாங்கியது நீயேதானாம். சரி.

குற்றவாளியைப் பிடித்துவிட்டேன். மூரியின் காயம் ஆறியதும் கூடையைத் திறந்துவிட்டு, குளியலறை ஜன்னல் வழியாக ஒளிந்து நின்று பார்த்தேன். கீரியும் இல்லை, பூனையும் இல்லை. என் செவலைக் கோழி, என் கையிலிருந்து தின்கிற சீமாட்டிதான். மூரி கிண்ணத்தருகே வந்ததுமே பின்னாலிருந்து ஒரு பிடுங்கல். அது பிடுங்கியதைப் பார்த்து மற்ற மூன்றும் ஆளுக்கொரு கொத்து. நான் கொல்லையில் காலை வைத்ததும் சீமாட்டி ஒன்றுமறியாத சாதுவாக என் காலடியில் வந்து நின்றது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பார்களே, இத்தனை நாள் என் கண்ணுக்கு அப்படித்தான் இருந்திருக்கிறது.

ஷெஃபாலிக்கு இது முன்பே தெரியும். நான் துணி உலர்த்திக்கொண்டிருப்பது தெரியாமல் கோபாலனிடம் சொன்னாள்: "அந்தச் சிவப்புக் கோழி அப்படியே பெரிய பௌதி மாதிரி. யாரு எப்ப சாப்பிடணும்னு அதுதான் சொல்லும்." அண்ணிக்கு இந்த ஊரில் பௌதி; இந்த வீட்டில் அவள் பெரிய பௌதி என்று யாரைக் கூப்பிடுகிறாள் என்று உனக்குத் தெரியும். கோபாலன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவன் சிரிக்காததால் ஈரத் துணியோடு அப்படியே நின்றேன்.

மறுநாள் காளிகாட்டில் தீவனக் கடை வைத்திருக்கும் மண்டலிடம் போனேன். அடிபட்ட கோழியைக் கூடைக்குள் பத்திரமாக வைத்திருந்ததாகப் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டார். "தப்பான கோழியை அடைச்சு வச்சிருக்கீங்க, தீதி" என்றார். அடிபட்டதைப் பிரித்தால் அது திரும்பி வரும்போதெல்லாம் புதுக் கோழிதானாம், மறுபடியும் அடிதானாம். அடிக்கிறதைத்தான் கொஞ்ச நாள் கண்ணில் படாமல் தள்ளி வைக்க வேண்டும். அதற்குள் மற்றவை இதோடு பழகிவிடும். அடித்தது திரும்பும்போது அதுதான் புதுசு. காயத்தின் சிவப்பு தெரிந்தால் எல்லாம் அங்கேயே கொத்தும் என்று தடவ ஓர் ஊதா மருந்து கொடுத்தார். தீனிக் கிண்ணம் இரண்டு வைக்க வேண்டும், ஒன்றிலிருந்து மற்றது தெரியக் கூடாது என்றார். மூரிக்குப் பசியும் குறைவு என்று சொல்லிவைத்தேன். பிந்தி வந்து தின்கிற கோழிக்குப் பசி குறைவென்று யார் சொன்னது, அதற்குப் பயம் என்றார்.

திரும்பும்போது இறங்க வேண்டிய மெட்ரோ ஸ்டேஷனை விட்டுவிட்டு டாலிகஞ்ச் வரை போய்விட்டேன். நாங்கள் மூவரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நீ மாடியிலிருந்து இறங்கி வருவாய். ஆறிப்போன குழம்பை நின்றபடியே போட்டுக்கொள்வாய். அவளுக்குப் பசி குறைவு, லேப்டாப் இருந்தால் சோறு வேண்டாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான்.

அந்த டேப்காரனையும் பார்த்தேன். போஸ் பாபு வீட்டைத்தான் இடிக்கப் போகிறார்கள். அன்று அவன் கேட் மாறி நம் வீட்டுக்குள் வந்துவிட்டானாம். சின்ன பௌதிதான் சரியான வீட்டைக் காட்டி, வெயிலில் வந்தீர்கள் என்று தண்ணீர் கொடுத்தார்கள், நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டான். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன்.

போன கடிதத்தில் ஒரு பழமொழி எழுதினேன். அது தாய்க்கோழிக்குச் சொன்னது. சீமாட்டி மூரிக்குத் தாயில்லை.

சீமாட்டி இன்று முதல் உன் மொட்டை மாடிக் கூண்டில்.

மங்கை


லேக் கார்டன்ஸ்
9 டிசம்பர் 2024

ப்ரியாவுக்கு,

இந்தக் கடிதத்தையாவது முழுக்கப் படி.

சீமாட்டி பதினேழு நாள் மாடியில் இருந்தாள். முதல் இரண்டு நாள் போட்ட கூச்சலில் போஸ் பாபு எட்டிப் பார்த்து யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். கீழே மற்ற மூன்றும் யார் முதலில் தின்பது என்று தெரியாமல் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. மூன்றாம் நாள் மூரி தன் ஊதாக் கழுத்தோடு வந்து ஓரமாக ஒரு கொத்து கொத்தியது. யாரும் ஒன்றும் செய்யவில்லை. அதற்கே நம்ப முடியாமல் தலையைச் சாய்த்துப் பார்த்தது. பத்து நாளில் மற்றவற்றோடு இடித்துக்கொண்டு தின்ன ஆரம்பித்துவிட்டது. கழுத்தில் முள் முள்ளாக இறகு முளைத்திருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் சீமாட்டியை இறக்கிவிட்டேன். பழைய நினைப்பில் கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு வந்து மூரியை ஒரு கொத்து கொத்தினாள். மூரி ஓரடி பின்வாங்கியது, ஆனால் ஓடவில்லை. மற்றவை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தின்றுகொண்டிருந்தன. சீமாட்டி குழாயடியில் வெகு நேரம் நின்றுவிட்டு, இரண்டாவது கிண்ணத்துக்குப் போய்த் தனியாகத் தின்றாள். பார்க்கப் பாவமாக இருந்தது. தூக்கி வைத்துக்கொள்ளக் கை பரபரத்தது. தூக்கவில்லை.

இனி என் சமாச்சாரம். இருபதாம் தேதி ரயிலில் பெங்களூரு போகிறேன், மிருதுளாவிடம். மகள் வீட்டில் இரண்டு நாள் தாங்க மாட்டாய் என்று கேலி செய்வாயே, இந்த முறை இரண்டு மாதத்துக்கு மேல். இவர் வரவில்லை. இவர் யாரையும் கொத்துகிறவர் இல்லை, கொத்தும்போது பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்கிறவர். அதையும் இந்த வாரம் சொல்லிவிட்டேன். என்ன திட்டம் போடுகிறாய் என்று கேட்கிறார். கோபாலன் ரிட்டர்ன் டிக்கெட்டின் தேதியை மூன்று முறை கேட்டான். நீயும் சந்தேகப்படுவாய். படு. இந்த வீட்டுக்கு அதைப் பழக்கியவள் நான்தான்.

ஜாதவ்பூர் வேண்டாம், ப்ரியா. ஜனவரி வரை தரகருக்குப் பதில் சொல்லாதே என்று கோபாலனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னைக் கூடை போட்டுக் கவிழ்த்தது போதும்.

வீட்டை இடிக்க ஆள் கூட்டி வந்தாய் என்று உன் மீது பழி சொன்னேன். உன் அம்மாவுக்குப் போன் போட்டு அதையே சொன்னேனே, அதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு. மன்னித்துவிடு என்ற ஒரு வார்த்தையை எழுத மூன்று தாளைக் கிழித்தேன். இது நாலாவது தாள். மன்னித்துவிடு.

சமையலறையில் மேல்தட்டுச் சாமான்களை உன் கைக்கு எட்டும்படி இறக்கி வைத்திருக்கிறேன். உன்னிடம் தரச் சொல்லி வீட்டுச் சாவிக்கொத்தை ஷெஃபாலியிடம் கொடுத்திருக்கிறேன். இடம் பிடிக்கவில்லையென்றால் எல்லாவற்றையும் மாற்றி வை, நான் வந்து தேடிக்கொள்கிறேன். சாப்பாட்டு மேஜையில் ஜன்னலோரம் இருந்த என் நாற்காலியை எடுத்துவிட்டேன். அங்கே யார் உட்காருவது என்பதை நீ முடிவு செய்.

மாசியில் நான் வந்து காலிங் பெல்லை அடிப்பேன். நீ வந்து கதவைத் திற. எங்கே உட்காரச் சொல்கிறாயோ அங்கே உட்காருகிறேன். இரண்டு கொத்து கொத்தினாலும் ஓட மாட்டேன்.

வந்த அன்றே மற்ற யாருக்கும் முன்னால் தட்டை எடுத்து வை. உட்கார்ந்து, சோறு சூடாக இருக்கும்போதே வயிறாரச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், அம்மா.

நீ கூப்பிட்டுக்கொண்டிருந்த
அக்கா