எமிலிப் பூட்டியின் அமெரிக்கத் தாய்

மச்சாள்,

இன்று காலை தபாற்பெட்டியில் உம்முடைய பெயருக்கு ஒரு கடிதம் கிடந்தது. அமெரிக்க முத்திரை. விலாசம் டென்மார்க்கில், விபோர்க்கில் இருக்கும் என் வீடு. உம்மை அடக்கம் செய்து இரண்டு மாதமாகிறது. இனி உமக்குக் கடிதம் போட ஆர் இருக்கினம் என்று முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடுத்தவரின் கடிதத்தை உடைக்கிறதுக்கு என்னை எத்தனை தரம் பேசியிருப்பீர்! இருந்தும் உடைத்துவிட்டேன்.

உம்முடைய அண்ணரைக் கட்டி வந்த நாளிலிருந்து எனக்கு இந்தக் கதைதான். "எங்கட பூட்டியின்ரை தாய் அமெரிக்கக்காரி. பிள்ளையை யாழ்ப்பாணத்திலை விட்டிட்டுச் செத்துப்போனா." அத்தாட்சி என்ன? எமிலி என்ற பெயர், மிசன் பள்ளிக்கூட விடுதியில் எடுத்த ஒரு மங்கிய படம், உம்முடைய கூரான மூக்கு. வைலேயில் நாங்கள் இரண்டு பேரும் தொழிற்சாலையில் பொதி கட்டிய காலத்தில், கோப்பி இடைவேளையில் டெனிஷ்காரிகளுக்கும் அதைச் சொல்லுவீர். "பூனைக்கண் எங்கை மச்சாள், வழியிலை விழுந்திட்டுதோ?" என்று நான் கேட்பேன். "பகிடி பண்ணும், பண்ணும். அந்தத் தாய் ஆரெண்டு கண்டுபிடிச்சுக் காட்டுறன்" என்பீர்.

ஏன் அப்படித் தேடினீர் என்று எனக்குத் தெரியும். உம்முடைய மூத்தவளுக்கும் எமிலி என்றுதான் பெயர் வைத்தீர். இடம்பெயர்ந்து நடந்தபோது காய்ச்சலில் போன மூன்று வயதுப் பிள்ளை. வழியில் ஆரோ ஒருவரின் காணிக்குள் புதைத்துவிட்டு வந்தீர். பிறகு போய்த் தேடியபோது அந்த இடமே தெரியவில்லை.

ஓகூஸ் ஆஸ்பத்திரியில் இனி மருந்தில்லை என்று சொன்ன கிழமைதான், அந்த மிசனின் பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் அமெரிக்கக் காப்பகத்துக்கு எழுதினோம். நீர் சொல்லச் சொல்ல என் ஐபாட்டில் நான் தட்டினேன். பத்து நாளில் மறுமொழி என் மின்னஞ்சலுக்கு வந்தது. பூட்டிக்கு அமெரிக்கத் தாய் இல்லை. தகப்பனில்லாத ஊர்ப்பிள்ளை, பெற்றவள் பனையோலையில் கடகம் இழைத்த தமிழ்ப் பெண். அந்தக் காலத்தில் விடுதிப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலிருந்து செலவுக்குக் காசு அனுப்புகிறவர்கள் விரும்பிய பெயரை வைப்பார்களாம். எமிலி, அங்கே ஒரு தாய் நாலு வயதில் பறிகொடுத்த மகளின் பெயர். அந்தப் பெயர் சொல்லி ஆரையாவது கூப்பிடுங்கள் என்று அவள் கேட்டு எழுதியிருக்கிறாள்.

சாகக் கிடக்கிற மனுசியிடமிருந்து அந்த ஒரு பெருமையையும் பிடுங்குவதோ? அந்த மறுமொழியை உமக்கு ஒளித்துவிட்டேன். நீரோ நான் கதவைத் திறந்த உடனே கேட்பீர்: "மறுமொழி வந்ததோ?"

"இல்லை மச்சாள்."

கடைசி நாளும் கேட்டீர். கடைசி நாளும் இல்லை என்றேன். அந்தப் பொய்யோடுதான் உம்முடைய பெட்டிக்கு மண் போட்டேன்.

இன்றைய கடிதத்தோடு நீர் எனக்குத் தெரியாமல் அந்தக் காப்பகத்துக்கு எழுதியதன் பிரதியும் இருந்தது. தாதி ஒருத்தி எழுதித் தந்திருக்கிறாள். கீழே உம்முடைய கோணல் கையெழுத்து. பாட்டுக் கேட்கவென்று ஐபாட்டை உம்மிடம் விட்டுவிட்டு வந்தேனே, மடைச்சி, மின்னஞ்சலை மூடாமல்! எல்லாம் வாசித்திருக்கிறீர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "அந்தப் பெயரைக் கூப்பிட்டார்கள் என்று அந்தத் தாய்க்கு ஆரும் சொன்னார்களோ தெரியாது. எங்கள் பூட்டி எண்பது வயதுவரை எமிலியாக இருந்தா. பிறகு என் மகளும். என் மகளுக்குக் கல்லறை இல்லை. அந்தத் தாயின் சின்னவளுக்கு இருந்தால், ஒரு பூ வைப்பீர்களா?"

அதன்பிறகு நீர் ஒவ்வொரு நாளும் கேட்டது இதற்கான மறுமொழியை. நான் ஒளித்ததை அல்ல. அது வரும்போது நீர் இருக்கமாட்டீர் என்றும் உமக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறீர்.

காப்பகத்துப் பெண் போய்த் தேடியிருக்கிறா. படம் அனுப்பியிருக்கிறா. புல்லுக்குள் சாய்ந்த சின்னக் கல், எழுத்துப் பாதி தேய்ந்து கிடக்கிறது. முன்னால் இரண்டு பூங்கொத்து. இரண்டாவது உம்முடைய மகளுக்காம்.

பின்னேரம் கடிதத்தை உம்முடைய கல்லறையடிக்குக் கொண்டுவந்து சத்தமாக வாசித்தேன். நாயோடு போன ஒரு டெனிஷ் கிழவர் நின்று பார்த்தார், பார்க்கட்டும். நான் அழுதுகொண்டுதான் வாசித்தேன். எந்தக் கதவைத் திறந்தாலும் நீர் கேட்கிற அந்தக் குரல்தான் எனக்கு இன்னும் கேட்கிறது.

ஓம் மச்சாள், வந்திட்டுது.